நான்கு ஸ்லாட்டிலும் ரேம் போட்டபின் நீலத்திரை: கெட்டது ரேமா, மதர்போர்டா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள். பி450 மதர்போர்டில் ரைசன் 5 2600 செயலியும், 3000 வேகம் என்று அச்சிட்ட இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ரேமும் பல ஆண்டுகள் ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடின. இப்போது செயலியை ரைசன் 7 5700எக்ஸ் ஆக மாற்றியிருக்கிறீர்கள். பழைய ரேமைக் கழற்றாமல், கூடவே 3600 வேகமுள்ள இரண்டு 16 ஜிபி ரேமையும் செருகி, பயாஸில் (கணினி எழும்போது வன்பொருளை அமைக்கும் போர்டின் நிரல்) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை இயக்கிவிட்டீர்கள். விண்டோஸ் 48 ஜிபி என்று ஒழுங்காகக் காட்டுகிறது. ஆனால் தினமும் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று நீலத்திரை வருகிறது, பிரவுசர் டேப்கள் தாமாக விழுகின்றன, மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை நிரலை ஓட்டினால் சிவப்புப் பிழை வரிகள் கொட்டுகின்றன. விண்டோஸை அழித்து மறுபடி நிறுவியும் பயனில்லை. கடையில் நான்கு ரேமையும் சோதித்துவிட்டு, “ரேமில் ஒரு குறையும் இல்லை, போர்டுதான் போய்விட்டது” என்று சொல்லிவிட்டார்கள். புதுப் போர்டு வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: ரேம் கெட்டது என்று உங்கள் வீட்டுச் சோதனையும், நல்லது என்று கடைச் சோதனையும் சொன்னால் எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். போர்டை இப்போது வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எந்தப் பொருளும் கெடாமலேயே இந்தத் தொல்லை வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கணினி பழுதுபார்க்கும் தொழிலில் நீண்ட காலமாக இருக்கிறேன். மேம்படுத்திய மறுநாளே “ரேம் எரர்” என்று வந்த மேசைக் கணினிகளில், ரேம் சில்லு உண்மையிலேயே பழுதாக இருந்தவை குறைவு. பெரும்பாலானவை பொருத்தத்திலும் அமைப்பிலும் இருந்த கோளாறுகள். மெம்டெஸ்ட் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: ஒரு இடத்தில் எழுதிய மதிப்பைத் திரும்பப் படித்தபோது அதே மதிப்பு வரவில்லை. எழுதியதில் பிழையா, வைத்திருந்ததில் பிழையா, வழியில் கலைந்ததா, படித்ததில் பிழையா என்று அதற்குத் தெரியாது. அந்தப் பாதையில் ரேம் சில்லு, ஸ்லாட், போர்டின் செம்புக் கோடுகள், செயலியின் ஊசிகள், செயலிக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டகம், இவை எல்லாவற்றுக்கும் வைக்கப்பட்ட வேகமும் மின்னழுத்தமும் இருக்கின்றன. சிவப்பு வரி இவற்றில் எதற்கு வேண்டுமானாலும் பொதுவானது.

கடைச் சோதனை ஏன் தேறியது என்பதற்கு எக்ஸ்எம்பியைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு ரேமிலும் எஸ்பிடி என்ற சிறு சில்லு உண்டு. அதில் இரண்டு வகைக் குறிப்புகள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று ஜெடெக் என்ற தொழில்துறைத் தர அமைப்பு வகுத்த சாதாரண வேகம். உங்கள் வகை ரேம்களில் பெரும்பாலும் 2133, 2400 அல்லது 2666, மின்னழுத்தம் 1.2 வோல்ட். இன்னொன்று எக்ஸ்எம்பி, பெட்டியின்மேல் பெரிதாகப் போட்டிருக்கும் 3000, 3600 எல்லாம் இதுதான், பொதுவாக 1.35 வோல்ட். அதாவது பெட்டியில் இருக்கும் எண் தயாரிப்பாளர் தாமே பரிசோதித்துத் தரும் ஓவர்கிளாக், அதாவது தர வேகத்தைத் தாண்டிய ஓட்டம். நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் கணினி சாதாரண வேகத்தில்தான் எழும். கடைக்காரர் தம் சோதனைப் போர்டில் ஒவ்வொன்றாகச் செருகி, எக்ஸ்எம்பியைத் தொடாமல் ஓட்டியிருப்பார். அந்த வேகத்தில் நான்கும் தேறின. அவர் பொய் சொல்லவில்லை. உங்கள் கணினியில் இருக்கும் நிலைமையை அவர் சோதிக்கவில்லை, அவ்வளவுதான். அதிலிருந்து “அப்படியானால் போர்டுதான்” என்று தாவியது மட்டும் தவறு.

உங்கள் கணினியில் நடப்பது வேறு. நான்கு ரேமும் ஒரே கடிகார வேகத்தில்தான் ஓட முடியும். எக்ஸ்எம்பியை இயக்கும்போது பெரும்பாலான போர்டுகள் ஏதாவது ஒரு ரேமின் குறிப்பை எடுத்து எல்லாவற்றுக்கும் அதையே வைத்துவிடும். 3600 என்ற குறிப்பு எடுக்கப்பட்டிருந்தால், 3000-க்கு மட்டுமே பரிசோதிக்கப்பட்ட உங்கள் பழைய ரேம்கள் 3600-இல் ஓடும்படி நிர்ப்பந்திக்கப்படுகின்றன. டைமிங் எண் (சிஎல்), அதாவது ரேம் பதில் தரக் காத்திருக்கும் கடிகாரச் சுற்றுகள், கூடியிருக்கிறதே, அது தளர்வுதானே என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3000 ரேமில் சிஎல்16 என்றால், உண்மையான கடிகாரம் அதில் பாதி, 1500 மெகாஹெர்ட்ஸ், 16 சுற்றுகளுக்கு ஏறத்தாழ 10.7 நானோ விநாடி. 3600-இல் சிஎல்18 என்றால் 1800 மெகாஹெர்ட்ஸ், 18 சுற்றுகளுக்கு 10 நானோ விநாடி. எண் கூடினாலும் அவகாசம் குறைந்துவிட்டது. உங்கள் பெட்டியில் வேறு எண்கள் இருந்தால் இதே முறையில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது செயலி. “நான் செயலியைத்தானே மாற்றினேன், அதற்கும் ரேமுக்கும் என்ன சம்பந்தம்” என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பழைய காலக் கணினிகளில் நினைவகக் கட்டுப்பாட்டகம் மதர்போர்டில் தனிச் சில்லாக இருந்தது. மேசைக் கணினிகளில் ஏஎம்டி 2003-இல் அத்லான் 64 உடனும், இன்டெல் 2008-இல் நெஹாலம் உடனும் அதைச் செயலிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. ஆகவே செயலியை மாற்றினால் ரேமை ஆளும் கட்டுப்பாட்டகத்தையும் சேர்த்தே மாற்றுகிறீர்கள். புதியது பொதுவாக மேலானதுதான். 2600-க்கு ஏஎம்டி உறுதியளித்த உச்சம் 2933, 5700எக்ஸுக்கு 3200. ஆனால் அந்த 3200 இரண்டு ரேம் போட்டால்தான். ரைசன் 3000 வரிசை வந்தபோது ஏஎம்டி வெளியிட்ட பட்டியலில், நான்கு ஸ்லாட்டும் நிறைந்திருந்தால் ஒற்றை ரேங்க் ரேமுக்கு 2933, இரட்டை ரேங்க் ரேமுக்கு 2667 என்று இறங்கிவிடும் (ரேங்க் என்பது ரேமில் ஒன்றாக இயங்கும் சில்லுக் குழு). உங்கள் செயலி சேர்ந்த ரைசன் 5000 வரிசைக்கும் இதே அளவுகோலைத்தான் நான் கைக்கொள்கிறேன். நீங்கள் நான்கு ரேமுக்கு 3600 கேட்கிறீர்கள். சிலருக்கு அது ஓடும். ஓடாவிட்டால் பழுது என்று யாரிடமும் வாதாட முடியாது.

நான்கு போட்டால் ஏன் இறங்க வேண்டும்? ஒவ்வொரு சேனலிலும், அதாவது செயலிக்கும் ரேமுக்கும் இடையிலான ஒவ்வொரு பாதையிலும், இரண்டு ஸ்லாட்கள் ஒரே கம்பிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. வேகம் கூடக் கூட, கம்பி கிளை பிரியும் இடங்களிலும் முடியும் இடங்களிலும் சைகை எதிரொலித்துத் திரும்பிவந்து அடுத்த சைகையின்மேல் விழுகிறது. இன்றைய போர்டுகளில் பெரும்பாலானவற்றில் கம்பி முதல் ஸ்லாட்டைத் தொட்டு இரண்டாவதில் முடிகிறது. அதனால்தான் இரண்டு ரேம் மட்டும் போடும்போது செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்களில் போடச் சொல்கிறார்கள். முதலாவதிலும் மூன்றாவதிலும் போட்டு, கம்பியின் முனையைக் காலியாக விட்டால் எதிரொலி கூடும். மேம்படுத்திவிட்டு வேகம் எட்டவில்லை என்று வருபவர்களில் பலருக்கு இதை மாற்றிக் கொடுத்தாலே சரியாகிவிடுகிறது.

இதுவரை சொன்னதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை மூன்று: பழைய ரேம்கள் அவற்றுக்கு உறுதியளிக்கப்படாத வேகத்தில் ஓடக்கூடிய அமைப்பு உங்களுடையது, நான்கு ரேமுக்கு 3600 என்பது செயலியின் உறுதிமொழிக்கு வெளியே, கடைச் சோதனை இவ்விரண்டையும் தொடவில்லை. உங்கள் நீலத்திரைக்குக் காரணம் இதுவேதான் என்பது வலுவான சந்தேகம், நிரூபணம் அல்ல. செயலி மாற்றும்போது ஊசி வளைந்திருக்கலாம், புது ரேமில் ஒன்று உண்மையாகவே பழுதாக இருக்கலாம், போர்டும் கெட்டிருக்கலாம். இங்கிருந்தபடி அதைச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் வீட்டிலிருந்தபடியே பிரித்தறியலாம், காசு செலவில்லாமல்.

சோதனைக்கு முன் ஒரு எச்சரிக்கை, இதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இந்த நிலையில் கணினியில் முக்கியமான எதையும் எழுதாதீர்கள். ஒரு கோப்பை நகலெடுக்கும்போது அது வட்டிலிருந்து ரேமுக்கு வந்து, அங்கிருந்துதான் மறு வட்டுக்குப் போகிறது. ரேமில் ஒரு பிட் புரண்டால் புகைப்படத்தில் ஒரு கீறலாகவோ, கணக்குத் தாளில் ஓர் எண்ணாகவோ அது நிரந்தரமாகிவிடும், எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல். நீங்கள் விண்டோஸை மறுபடி நிறுவியதும் அப்படித்தான். நிறுவல் கோப்புகள் அந்த ரேம் வழியாகவே விரிக்கப்பட்டன, ஆகவே அந்த விண்டோஸ் இப்போது நம்பத் தகுந்ததல்ல. பயாஸைப் புதுப்பிக்கச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால், எக்ஸ்எம்பியை அணைத்து, மெம்டெஸ்ட் சுத்தமாகத் தேறிய பிறகே செய்யுங்கள். கோளாறான ரேமோடு பயாஸை எழுதுவது, நல்ல போர்டைக் கெட்ட போர்டாக்கும் நேர்வழி.

இனி சோதனை. கணினியை அணைத்து மின்கம்பியைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்து மாட்டுங்கள், அல்லது பயாஸ் அமைப்புகளை அழிப்பதற்கென போர்டில் உள்ள ஜம்பரைப் பயன்படுத்துங்கள். செயலி மாற்றிய பிறகு பழைய செயலியின் அமைப்புகள் ஏதும் தங்கியிருந்தால் இதில் போய்விடும். நான்கு ரேமையும் அப்படியே வைத்து, எக்ஸ்எம்பியை இயக்காமல், பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்டைத் துவக்குங்கள். மெம்டெஸ்ட்86 என்று பாஸ்மார்க் நிறுவனம் இலவசப் பதிப்பு தருகிறது. மெம்டெஸ்ட்86+ என்று திறமூல வடிவமும் உண்டு. இரண்டும் 1994-இல் எழுதப்பட்ட ஒரே நிரலின் வழிவந்தவை, எதுவானாலும் சரி. விண்டோஸோடு வரும் நினைவகச் சோதனை அவசரத்துக்கு உதவும், ஆனால் அது தேறியது என்பதை மட்டும் வைத்து நான் எந்த ரேமையும் நல்லது என்று சொல்வதில்லை. நான்கு சுற்றாவது முழுமையாக ஓட வேண்டும். 48 ஜிபிக்குப் பல மணி நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டுப் படுத்துவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். “ஆயிரக்கணக்கில் வந்தது இப்போது இரண்டாகக் குறைந்துவிட்டது” என்று மகிழ்ந்து கணினியைப் பயன்படுத்தத் தொடங்குகிறவர்கள் உண்டு. அந்த இரண்டு எந்தக் கோப்பில் விழும் என்று யாருக்கும் தெரியாது.

சிவப்பு வரி வந்தால் எண்ணிக்கையைப் பார்க்காமல் வரியைப் படியுங்கள். எதிர்பார்த்தது 00000000, கிடைத்தது 00000400 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பத்திரண்டு பிட்டில் ஒன்றே ஒன்று மட்டும் புரண்டிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே முகவரியில் அதே பிட் புரண்டால், சில்லுக்குள் ஒரு செல் செத்துவிட்டது என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. மாறாக முகவரிகள் எங்கெங்கோ சிதறி, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிட்கள் புரண்டால், வேகமோ மின்னழுத்தமோ இணைப்போதான் முதல் சந்தேகம். இது அனுபவத்தில் கண்ட போக்குதான், விதி அல்ல. இரட்டைச் சேனலில் அடுத்தடுத்த முகவரிகள் மாறி மாறி வெவ்வேறு ரேமுக்குப் போவதால், முகவரியை வைத்து “மூன்றாவது ஸ்லாட்” என்று சுட்டவும் முடியாது. இன்னொன்று: மெம்டெஸ்ட்86-இன் கடைசிச் சோதனையான ‘ஹாமர்’ சோதனையில் மட்டும் பிழை வந்தால் அதைத் தனியாக வையுங்கள். பக்கத்து வரிசையைத் திரும்பத் திரும்பத் தட்டினால் இந்த வரிசையில் பிட் புரளும் பலவீனத்தை 2014-இல் ஆய்வாளர்கள் விரிவாக வெளியிட்டார்கள். அது பல சில்லுகளின் வடிவமைப்பிலேயே இருப்பது, அன்றாட நீலத்திரைக்கு அதைக் காரணமாக்க நான் தயங்குவேன்.

எக்ஸ்எம்பி இல்லாமல் நான்கும் இரவு முழுவதும் தேறிவிட்டால் பெரும்பாலான சந்தேகம் தீர்ந்தது. போர்டு, செயலி, ரேம் எல்லாம் தத்தம் உறுதிமொழிப்படி வேலை செய்கின்றன. அடுத்து பழைய இரண்டையும் கழற்றி, புது 16 ஜிபி இரண்டை மட்டும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டு, எக்ஸ்எம்பியை இயக்கிச் சோதியுங்கள். 3600-இல் தேறினால் குற்றம் கலவையின்மேல்தான். இந்த இரண்டே தேறாவிட்டால் 3200-க்கு இறக்கிப் பாருங்கள். 3200-இல் தேறி 3600-இல் விழுந்தால் ரேமின் குறையா, உங்கள் செயலியின் கட்டுப்பாட்டகம் கொஞ்சம் சோம்பேறியா என்பதை வேறொரு செயலியில் போட்டுப் பார்க்காமல் பிரிக்க முடியாது. பிரித்தாக வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. 3600-க்கும் 3200-க்கும் அன்றாட வேலையில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

எக்ஸ்எம்பி இல்லாமலேயே பிழை வந்தால் கதை வேறு, இப்போதுதான் ஏதோ ஒன்று உண்மையாகவே சரியில்லை. ஒரே ஒரு ரேமை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள், பிறகு அதே ஸ்லாட்டில் அடுத்தது, அதற்கடுத்தது. ஒன்று மட்டும் விழுந்தால் அதை நான்காவது ஸ்லாட்டுக்கு மாற்றி மறுபடி ஓட்டுங்கள். பிழை ரேமைப் பின்தொடர்ந்தால் ரேம் பழுது. ஸ்லாட்டிலேயே தங்கினால் அந்தச் சேனல் பழுது. ரேமுக்கு ஒரு சீட்டு ஒட்டிப் பெயர் வைத்து, எது எந்த ஸ்லாட்டில் எவ்வளவு நேரம் ஓடியது என்று காகிதத்தில் எழுதிவையுங்கள். நினைவை நம்பினால் மூன்றாவது மாற்றத்தில் குழம்பிவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேமை இடம் மாற்றியதோடு வோல்டேஜையும் உயர்த்திவிட்டால், சரியானாலும் எதனால் என்று தெரியாது.

சேனல்தான் சரியில்லை என்று வந்தாலும் உடனே போர்டு என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் செயலியில் 1331 ஊசிகள் அடியில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த வகைச் சாக்கெட்டில் குளிர்விப்பானை நேராக மேலே இழுத்தால், காய்ந்த பேஸ்ட்டின் பிடியில் செயலியும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அப்போது ஓரத்து ஊசிகள் சாய்வது சாதாரணம். செயலியைக் கழற்றி, வெளிச்சத்தில் வரிசையின் போக்கிலேயே கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் ஒன்று விலகியிருந்தால் உடனே தெரியும். கரிக்குச்சி போடாத 0.5 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சிலின் குழலை அந்த ஊசியில் மாட்டி மெல்ல நிமிர்த்தலாம். கை நடுங்குபவர்கள் செய்யக்கூடாது, ஒடிந்தால் செயலியே போய்விடும். குளிர்விப்பானின் திருகுகள் ஒருபக்கம் அதிகம் இறுகியிருந்தாலும் சேனல் தடுமாறும், குறிப்பாக இன்டெல் சாக்கெட்களில். தளர்த்திவிட்டு மூலைக்கு மூலை சமமாக முறுக்கிப் பாருங்கள். ரேம் முழுமையாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒருபக்கக் கொக்கி மட்டும் உள்ள போர்டுகளில் கொக்கியில்லாத முனை அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்பது பார்வைக்குத் தெரியாது.

தொடுமுனைகளைத் துடைப்பது பற்றி: நம்மூரில் பென்சில் ரப்பரால் தேய்ப்பது எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம். பலமுறை அது பலனளிக்கவும் செய்கிறது, குறிப்பாகக் கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் இருந்த பழைய கணினிகளில். ஆனால் அந்தத் தங்கப்பூச்சு மிக மெல்லியது, ரப்பர் அதையும் சேர்த்துத் தேய்க்கிறது, ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் போய்விடுகிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து உலரவிடுவது நல்லது. புத்தம்புது ரேமுக்கு இரண்டுமே தேவையில்லை.

வெப்பத்தையும் மறக்க வேண்டாம். ரேமின் ஒவ்வொரு செல்லும் மின்னூட்டத்தைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி விநாடிக்குள் எல்லா வரிசையையும் படித்துத் திரும்ப எழுத வேண்டும். 85 டிகிரி செல்சியஸுக்கு மேல் இந்தப் புதுப்பிப்பை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது தரத்திலேயே உண்டு. சூடு ஏற ஏற இழப்பு வேகமாகிறது. நான்கு ரேம் நெருக்கமாக நிற்க, கீழே கிராபிக்ஸ் கார்டு அனல் கக்கினால், மெம்டெஸ்டில் இரவு முழுவதும் தேறியது விளையாட்டின் நடுவில் விழும். மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு தூங்கிக்கொண்டிருக்கிறது அல்லவா? சித்திரை, வைகாசியில் மட்டும் நீலத்திரை போடும் கணினிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே மெம்டெஸ்ட் தேறிய பிறகு விண்டோஸுக்குள்ளும் டெஸ்ட்மெம்5 அல்லது ஓசிசிடி போன்ற சோதனை மென்பொருள் ஒன்றைச் சில மணி நேரம் ஓட்டுங்கள். எளிய சோதனை ஒன்றும் உண்டு: சில ஜிபி அளவுள்ள ஒரு ஜிப் கோப்பை எடுத்து, விரிக்காமல் சரிபார்க்க மட்டும் சொல்லுங்கள், பலமுறை. ஒருமுறை சரி, மறுமுறை சிஆர்சி பிழை (சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை) என்று அதே கோப்புக்கு மாறி மாறி வந்தால், கோப்பில் குறையில்லை, நினைவகப் பாதையில் குறை.

இந்தப் பதிலைத் தேடலில் கண்டு வரும் மற்றவர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் “மெமரி எரர்” என்ற ஒரே பெயரில் வெவ்வேறு நோய்கள் உலவுகின்றன. ‘நினைவகம் போதவில்லை’ என்று விண்டோஸ் சொன்னால் அது பெரும்பாலும் பழுதே அல்ல. பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் வட்டில் பயன்படுத்தும் கோப்பு) வைத்திருந்த பழைய வட்டை மேம்படுத்தும்போது கழற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். 32 ஜிபி போட்டு 16 மட்டும் தெரிந்தால் ஒரு ரேம் சரியாக உட்காரவில்லை, அல்லது மேலே சொன்ன ஊசிக் கதை. அபூர்வமாக எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் ‘அதிகபட்ச நினைவகம்’ என்ற பெட்டியில் யாரோ குறியிட்டு வைத்திருப்பார்கள். ‘இந்த முகவரியில் உள்ள நினைவகத்தைப் படிக்க முடியவில்லை’ என்ற செய்தி ஒரே மென்பொருளில் மட்டும் வந்தால் அந்த மென்பொருளையே சந்தேகியுங்கள். எல்லாவற்றிலும் மாறி மாறி வந்தால் ரேமை. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் உயர்ரக மேசைக் கணினிச் செயலி வைத்திருப்பவர்களுக்கு, விளையாட்டைத் தொடங்கும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று வந்தால், ரேமும் கிராபிக்ஸ் கார்டும் நிரபராதிகளாக இருக்கலாம். அந்தச் செயலிகளுக்கு அளவுக்கு மீறிய மின்னழுத்தம் போவதால் அவை நாளடைவில் சிதைகின்றன என்பதை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டது. திருத்திய மைக்ரோகோடை (செயலிக்குள் ஓடும் நிரல், பயாஸ் புதுப்பிப்போடு வருவது) வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. சிதைந்துவிட்ட செயலியைப் பயாஸ் புதுப்பிப்பு குணப்படுத்தாது, மாற்றித்தான் வாங்க வேண்டும்.

டிடிஆர்5-க்குப் போனவர்களுக்கு நான்கு ரேம் இன்னும் கடினம். ரைசன் 7000-க்கு இரண்டு ரேமில் 5200 உறுதியளிக்கும் ஏஎம்டி, நான்கு போட்டால் 3600 மட்டுமே தருகிறது. முதல்முறை துவக்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். செத்துவிட்டது என்று பதறி மின்சாரத்தைப் பிடுங்காதீர்கள். டிடிஆர்5 சில்லுக்குள் பிழைதிருத்தம் இருக்கிறது என்ற விளம்பரத்தையும் அளவோடு நம்புங்கள், அது சில்லுக்குள் நடப்பதை மட்டுமே திருத்தும், செயலிக்குப் போகும் வழியில் நடப்பதை அல்ல.

ரேம் கெடவே கெடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டொராண்டோ பல்கலைக்கழகமும் கூகுளும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கூகுளின் சர்வர்களில் இருந்த ரேம்களில் ஓராண்டில் 8 சதவீதத்துக்கு மேற்பட்டவை ஒரு பிழையாவது கண்டன. அந்தச் சர்வர்களில் பிழையைத் திருத்தும் இசிசி ரேம் இருந்ததால் பிழை பதிவானது. நம் மேசைக் கணினிகளில் இருப்பது சாதாரண ரேம். அதே பிழை வந்தால் நமக்குச் செய்தி வராது, நீலத்திரைதான் வரும், அல்லது அதுவும் வராது.

உங்கள் கணினிக்கு வருவோம். நான் எதிர்பார்ப்பதுபோல் சாதாரண வேகத்தில் நான்கும் தேறி, புது இரண்டு மட்டும் 3600-இல் தேறிவிட்டால், பழைய 8 ஜிபிக்களை விற்றுவிடுங்கள். விளையாட்டுக்கும் அலுவலக வேலைக்கும் 32 ஜிபி தாராளம், இரண்டு ரேமோடு கணினி நிம்மதியாக இருக்கும். காணொளித் தொகுப்போ பல மெய்நிகர் கணினிகளோ ஓட்டுவதால் 48 ஜிபி வேண்டும் என்றால், பழைய ஜோடியை முதலாவது, மூன்றாவது ஸ்லாட்டிலும் புது ஜோடியை இரண்டாவது, நான்காவதிலும் வைத்து, எக்ஸ்எம்பியை அணைத்து, வேகத்தைக் கையாலேயே 2666, மின்னழுத்தத்தை 1.35 என்று வையுங்கள். டைமிங்கைப் போர்டிடமே விட்டுவிடுங்கள். தேறினால் 2933 முயலலாம், அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம். வேகம் குறைந்த 48 ஜிபி, இடமில்லாமல் வட்டுக்கு ஓடும் 32 ஜிபியைவிட அந்த வேலைக்கு மேல். ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி எண்ணில் இன்னொரு ஜோடி வாங்கினால் பொருந்திவிடும் என்றும் எண்ணாதீர்கள். ஒரே எண்ணின்கீழ் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நிறுவனச் சில்லுகள் வருகின்றன, ஒரு பெட்டிக்குள் சேர்ந்து வந்தவை மட்டுமே சேர்த்துப் பரிசோதிக்கப்பட்டவை.

அமைப்பு நிலைத்த பிறகு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். பழுதான நாட்களில் நகலெடுத்த கோப்புகளின் மூலங்களை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தால், அங்கிருந்து மறுபடி நகலெடுங்கள்.

ஒரு ரேம்தான் பழுது என்று தெரிந்தால் கடைக்கு அதைத் தனியாக எடுத்துப்போகாதீர்கள். ஜோடியாக வாங்கியதை ஜோடியாகவே கேட்பார்கள். வெப்பத்தகட்டைக் கழற்றாதீர்கள், வரிசை எண் ஒட்டியதைச் சுரண்டாதீர்கள். எக்ஸ்எம்பி இல்லை, ஒற்றை ரேம், நல்ல ஸ்லாட் என்ற நிலையில் சிவப்பு வரி வந்த திரையைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். அந்தப் படத்துக்கு முன்னால் “எங்கள் போர்டில் தேறியதே” என்ற பதில் நிற்காது. 3600-இல் நான்கு ரேமோடு எடுத்த படத்தைக் காட்டினால் அவர்கள் சிரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், அதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. முதல் இரவின் சோதனை முடிந்ததும், போர்டின் முழுப் பெயரையும் நான்கு ரேமின் ஒட்டுச்சீட்டில் உள்ள எண்களையும் இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.